இராஜகிருகத்தில் நாம் காணத்தக்கவை

வடநாட்டு யாத்திரை செல்லும் நம்மவர் புத்தகயையில் இரண்டு மூன்று நாள் தங்குகின்றனர். சாரநாத்திலும் குசிநகரத்திலும் மனம் நிறைய வழிபட்டு மீள்கின்றனர். இராஜகிருகத்துக்கோ பெரும்பாலும் ஒரு பிற்பகலே ஒதுக்கப்படுகின்றது. அப்பிற்பகலும் ரோப்வேயின் முன் வரிசையில் நிற்பதிலும், மலைமேல் வெண்ணிறத் தூபியின் முன் நின்று படம் பிடித்துக் கொள்வதிலும், வெந்நீர் ஊற்றில் ஒரு முழுக்குப் போடுவதிலும் கழிந்து விடுகின்றது. திரும்பி வந்தவரிடம் ஆங்குக் கண்டது யாது என்று வினவினால், நல்ல மலைக்காற்று என்கின்றனர். மகத நாட்டின் பழந்தலைநகருக்குப் பொருள் செலவிட்டுச் சென்று வந்தவர் கூறும் விடை இதுவாயின், நம் சங்கத்தின் பாடங்களில் ஏதோ குறையுளது என்றே கொள்ளல் வேண்டும். அக்குறையை இயன்ற மட்டும் நீக்கவே இப்பாடத்தை எழுதத் துணிந்தோம்.

வேடிக்கை காண்பது குறித்து அந்நகரமே நமக்கு ஒரு பழைய பாடம் வைத்திருக்கின்றது. இராஜகிருகத்தில் ஆண்டுதோறும் மலையுச்சித் திருவிழா என ஒன்று நடைபெற்று வந்தது. கிரக்க சமஜ்ஜம் என்பது அதன் பாலிப் பெயர். உபதிஸ்ஸர், கோலிதர் என்னும் இரு நண்பர் அவ்விழாவுக்குச் சென்று, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தும், பரிசளிக்க வேண்டிய இடத்தில் பரிசளித்தும் நாடகங்களைக் கண்டு களித்தனர். ஒரு நாள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆடுவோரும் காண்போரும் நூறாண்டுக்குள் ஒருவரும் எஞ்சப் போவதில்லையே, இங்குக் காணத்தக்கது தான் யாது என்ற எண்ணம் இருவர் உள்ளத்திலும் ஒருங்கே எழுந்தது. அவ்விருவரே பின்னர் அதே நகர வீதியில் அஸ்ஸஜி தேரரின் அமைந்த நடையால் ஈர்க்கப்பட்டு, சாரிபுத்தர், மொக்கல்லானர் என்னும் பெயர்களுடன் பகவரின் முதன்மைச் சீடராயினர். ஊர் பார்க்கச் செல்வது குற்றமன்று. எதைப் பார்ப்பது என்று வினவாமற் செல்வதே குற்றம்.

இல்லறத்தார்க்குரிய சிகாலோவாத சூத்திரமும் இந்நகரிலேயே அருளப்பட்டது. ஈர உடையும் ஈரத் தலையுமாய் நகர்ப்புறத்தில் நின்று ஆறு திசைகளையும் வணங்கிக் கொண்டிருந்த சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவர் மெய்யான ஆறு திசைகள் இவை எனக் காட்டினார். பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், பணியாளர், துறவியர் ஆகியோரே அவை. செல்வம் அழியும் ஆறு வாயில்களையும் அச்சூத்திரத்திலேயே எண்ணிக் காட்டுகின்றார். கள்ளுண்டல், வேளையல்லாத வேளையில் தெருச்சுற்றல், ஆட்டபாட்டங்களைத் தேடி அலைதல், சூதாடல், தீயோர் நட்பு, சோம்பல் என்பன அவ்வாறு. ஆகவே யாத்திரை செல்ல விழையும் உபாசகர்க்கு முதற்கண் ஒன்று கூறுவோம். வட்டிக்குக் கடன் வாங்கி இராஜகிருகம் செல்ல வேண்டா. வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிலுவையில் இருக்க, தகப்பன் கழுகுமலை ஏறுவதைப் பகவர் மெச்சியிரார். சேமித்துச் செல்லுங்கள். இவ்வாண்டு இயலாவிடின் மலைகள் அடுத்த ஆண்டும் ஆங்கேயே இருக்கும்.

இனி நகரைப் பற்றிக் கூறுவோம். இராஜகிருகம் பீகார் மாநிலத்தில் நாளந்தா மாவட்டத்தில், பாட்னாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உளது. ராஜ்கீர் என்பது இற்றை வழக்கு. மலைகள் வேலியாய்ச் சூழ்ந்தமையால் கிரிவிரஜம் என்ற பழம்பெயரும் இதற்குண்டு. வேபாரம், பாண்டவம், வேபுல்லம், கிஜ்ஜகூடம், இசிகிலி என ஐந்து மலைகளைப் பாலி நூல்கள் குறிக்கின்றன. இக்காலத்தார் வைபாரம், விபுலம், இரத்தினம், உதயம், சோனம் என வழங்குகின்றனர். இம்மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கிலேயே பிம்பிசாரன் ஆண்ட பழநகர் இருந்தது. மலைகளுக்கு வடக்கே சமவெளியில் எழுந்தது புதுநகர். அஜாதசத்துருவின் மகன் உதாயி காலத்தில் தலைநகர் பாடலிபுத்திரத்துக்கு மாறிற்று. அதன்பின் இராஜகிருகம் மெல்ல மெல்லக் காடாயிற்று.

தெற்குக் கணவாயில் வண்டி நின்றால் இறங்கி மதிலைக் காண்க. மலைமுகடுகளின் மேல் சுமார் 40 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடிய கோட்டைச் சுவரின் எஞ்சிய பகுதி அது. செதுக்காத பெருங்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, இடைவெளிகளில் சிறு கற்களைச் செருகியுள்ளனர். சுவரின் அகலம் பல இடங்களில் 17 அடிக்கு மேலாகும். அடுக்கிய கைகளின் பெயர் எந்நூலிலும் இல்லை. அரசர் பெயர் மட்டுமே நின்றது. அவ்விடத்துக்கு அருகில் பாறையில் இரண்டு பள்ளங்கள் இணைகோடுகளாய்ப் பதிந்து கிடக்கின்றன. கண்ணன் தேர் ஓடிய தடம் என்று வழிகாட்டிகள் கூறுவர். பாரம் ஏற்றிய வண்டிகள் பன்னெடுங்காலம் ஒரே வழியில் சென்றால் கருங்கல்லும் தேயும் என்பது வண்டி இழுத்தவர்க்கும் இழுபட்ட மாட்டுக்கும் தெரியும். பக்கத்துப் பாறையிற் காணப்படும் சங்கு வடிவ எழுத்துக்கள் இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை.

எந்த இடங்களைக் காண்பது என்னும் வினாவுக்கு வழிகாட்டி நூல் எதுவும் வேண்டியதில்லை. பகவரே ஒரு பட்டியல் தந்திருக்கின்றார். மகாபரிநிர்வாண சூத்திரத்தில், வைசாலியின் சாபால சேதியத்தில் தம் இறுதியை ஆனந்தருக்கு அறிவித்த வேளையில், தாம் முன்னர்த் தங்கிய இராஜகிருகத்து இடங்களை ஒவ்வொன்றாய் நினைவு கூர்ந்து, அவை இனியன என்று கூறுகின்றார். கழுகுமலை, கௌதம ஆலமரம், கள்வர் பாறை, வேபாரச் சாரலில் சத்தபண்ணிக் குகை, இசிகிலிச் சாரலில் கருங்கற் பாறை, சீதவனத்தில் பாம்புப்படப் பாறை, தபோதாராமம், வேணுவனம், ஜீவகர் மாந்தோப்பு, மத்தகுச்சி மான்பூங்கா எனப் பத்து இடங்கள் அதில் வருகின்றன. எண்பது அகவை முதியவர், உடல் தளர்ந்து, தாம் மீண்டும் காணப் போவதில்லாத ஊரை இவ்வாறு நினைக்கின்றார். இப்பட்டியலில் அரண்மனை இல்லை. கடைவீதி இல்லை. கள்வரை உருட்டிக் கொன்ற பாறை உண்டு. பிணங்கள் கிடந்த சீதவனம் உண்டு. ஊரார் அஞ்சி ஒதுக்கிய இடங்களையும் இனியவை என்றவர் நம் ஆசான். ஊருக்கு வெளியே, சுடுகாட்டுக்கு அருகே, சேரிகளில் வாழ வைக்கப்பட்ட நாம் இதனை நின்று நினைத்துப் பார்த்தல் தகும்.

சீதவனத்தைப் பற்றி ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் ஒரு கதையைக் குறித்திருக்கின்றார். பழநகரில் அடிக்கடி தீப்பற்றியதால், எவர் வீட்டில் முதலில் தீ எழுகின்றதோ அவர் சீதவனத்துப் பிணக்காட்டுக்குச் சென்று வாழ வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். முதலில் பற்றியது அரசன் மாளிகை. தன் ஆணைக்குத் தானே பணிந்து பிம்பிசாரன் பிணக்காட்டில் குடியேறினான் என்றும், அங்கிருந்தே புதுநகர் வளர்ந்தது என்றும் அவர் எழுதுகின்றார். புதுநகரை அமைத்தவன் அஜாதசத்துரு என்பாரும் உளர். எது உண்மையாயினும், தான் இட்ட சட்டம் தன்னையும் கட்டும் என்று நினைத்த அரசன் ஒருவனைப் பற்றிய நினைவு மக்களிடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் அழியாமல் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

வேணுவனத்துக்கு முதலிற் செல்க. வெந்நீர் ஊற்றுகளுக்கு அணித்தே உள்ள பூங்கா அது. மூங்கிற் புதர்களும், கரண்டம் எனப்படும் குளமும், ஒரு புத்தர் சிலையும் உள்ளன. சங்கத்துக்கு வழங்கப்பட்ட முதல் ஆராமம் இதுவே. ஊருக்கு மிக அண்மையும் மிகச் சேய்மையும் இன்றி, பகலில் சந்தடி குறைந்து, இரவில் ஒலியடங்கி, வருவோர்க்கும் போவோர்க்கும் வசதியாய் இருக்கும் இடம் எது என்று ஆராய்ந்து, பிம்பிசாரன் பொற்கலத்தால் நீர் வார்த்துத் தன் மூங்கிற் காட்டைக் கொடுத்தான். விகாரைக்கு மனை தேடும் நம் கிளைச் சங்கத்தார் இவ்விலக்கணத்தை எழுதி வைத்துக் கொள்வது நன்று.

குளக்கரையில் அமர்ந்து சுப்பபுத்தரை நினையுங்கள். அவர் இந்நகரில் வாழ்ந்த தொழுநோயாளர், வறியர், துணையற்றவர். கூட்டம் கூடியிருப்பதைத் தொலைவிற் கண்டு, சோறு வழங்குகின்றனர் போலும் என்று அணுகினார். சோறு இல்லை, தம்ம உரையே நடந்து கொண்டிருந்தது. போகாமல் ஓர் ஓரத்தில் அமர்ந்தார். அக்கூட்டத்தில் தம்மத்தை உணரும் தகுதி எவருக்கு உளது என்று பகவர் தம் உள்ளத்தால் நோக்கிய போது, கண்டது அவ்வோரத்தில் இருந்தவரையே. தானம், சீலம் எனப் படிப்படியாய் அவருக்கு ஏற்ப உரைத்தார். அவ்விடத்திலேயே தொழுநோயாளர்க்குத் தம்மக்கண் திறந்தது. சிறிது நேரத்தில் கன்றையுடைய பசு ஒன்று முட்டி அவர் இறந்தார் என உதான நூல் கூறுகின்றது. நோய் நீங்கிற்று என்றோ, செல்வம் வந்தது என்றோ அந்நூல் கதை கட்டவில்லை. நம் பிரசங்கிகள் சிலர் தம்மத்தை ஏற்றால் கடன் தீரும், பிணி தீரும் என்று பேசித் திரிகின்றனர். அவர்கள் இக்குளக்கரையில் ஒரு நாள் அமர்வாராக.

வெந்நீர் ஊற்றுகள் வைபார மலையடியில் உள்ளன. பாலி நூல்கள் கூறும் தபோதை இதுவே. பிக்குகள் நீராடும் வேளையில் பிம்பிசாரன் நீராட வந்தான். அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவர்கள் இருட்டும் வரை நீராடினர். அரசன் நீராடி முடிப்பதற்குள் நகர வாயில் அடைக்கப்பட்டு, அவன் இரவு முழுவதும் வெளியிலேயே தங்க நேர்ந்தது. விடிந்ததும் பகவரைக் கண்டபோது செய்தி வெளிப்பட்டது. அளவறியாமல் நீராடியதற்காகப் பகவர் பிக்குகளையே கடிந்து, நீராடலுக்கு விதி வகுத்தார். துறவியர்க்காக அரசன் காத்து நின்ற நீர்த்துறை அது. இன்று அதே துறையில் பண்டாக்கள் நம்மைச் சூழ்ந்து, குலம் யாது, கோத்திரம் யாது, சங்கற்பத்துக்கு எவ்வளவு தருவீர் என்று வினவுவர். விடை கூற வேண்டியதில்லை. நீர் வெதுவெதுப்பாய் இருக்கின்றது, மலையேறிய காலுக்கு இதம் தருகின்றது, குளியுங்கள். ஆனால் பாவம் போகும் என்று குளித்தால், திரிசரணம் ஏற்ற நாளில் விட்டுவந்த மூட்டையை ஆங்கே மீண்டும் தலையில் ஏற்றிக் கொள்கின்றீர். எதிர்ப்புறம் விபுல மலையடியில் மக்தூம் குண்டம் என்னும் ஊற்றும் உண்டு. சூபி முனிவர் மக்தூம் ஷா ஷரபுத்தீன் தவமிருந்த இடம் என முஸ்லிம்கள் அதனைப் போற்றுவர். நிலத்தடி வெப்பம் சமயம் பாராமல் இருபுறமும் நீரைச் சூடாக்குகின்றது.

ஊற்றுகளுக்கு மேலே வைபார மலையில் ஏறினால், பெருங்கற்களை அடுக்கிய பிப்பலக் கல்வீடு வரும். ஜராசந்தன் இருக்கை என்று மக்கள் அழைப்பர். மேலும் ஏறிச் சமணக் கோயில்களைக் கடந்து, வடபுறச் சரிவில் இறங்கினால் சத்தபண்ணிக் குகைகள் தோன்றும். முன்னே ஒரு நீண்ட கற்றிண்ணையும், பின்னே இடிந்தும் சரிந்தும் நிற்கும் குகை வாயில்களுமே உள்ளன. கண்ணைக் கவரும் பொருள் ஒன்றும் இல்லை. ஆகவே கூட்டமும் இல்லை. முழங்கால் தாங்குமாயின் இவ்விடத்தைத் தவறவிட வேண்டா என்பது எமது கருத்து.

பகவர் மறைந்த ஆண்டிலேயே 500 அருகத்துகள் இங்குக் கூடினர். அஜாதசத்துரு மண்டபம் அமைத்துக் கொடுத்தான். மகாகாசியபர் தலைமையில் ஏழு மாதம் அம்மகாசபை நடைபெற்றது. தம்மத்தை ஓதியவர் ஆனந்தர். விநயத்தை, அதாவது சங்கத்தின் சட்டம் முழுவதையும், ஓதி நிலைநாட்டியவர் யார்? உபாலி. சாக்கிய இளவரசர்க்கு முடிதிருத்தியவர். அவரும் இளவரசரும் ஒரே நாளில் துறவு கேட்டு நின்றபோது, சாக்கியர்க்குச் செருக்கு மிகுதி, எமக்கு நெடுநாள் ஏவல் செய்த உபாலிக்கு முதலில் துறவு அளித்தருள்க, அப்போது யாம் அவரை வணங்க வேண்டியவராவோம், எம் செருக்கும் ஒழியும் என்று அவ்விளவரசரே வேண்டினர். அவ்வாறே நடந்தது. சங்கத்தில் எது குற்றம், எது குற்றமன்று என்று 500 பேர் நடுவில் அமர்ந்து கூறும் உரிமை, கத்தியும் கண்ணாடியும் ஏந்திய கைக்குக் கிட்டிற்று. சட்டம் கற்ற நம் தலைவர் போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர், தாழ்த்தப்பட்டோர் தம்மம் ஏற்ற வரலாற்றைத் தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் கூறும்போது உபாலியையும் சேர்த்துக் கூறியிருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1957இல் வெளிவந்த அந்நூலை யாத்திரைப் பையில் எடுத்துச் சென்று, அப்பகுதியைக் கற்றிண்ணையில் அமர்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம்.

பின்னர்க் கழுகுமலைக்குச் செல்லும் வழியில் ஜீவகர் மாந்தோப்பு உளது. மரங்கள் இல்லை, நீள்வட்ட வடிவான கட்டடங்களின் கல் அடித்தளங்கள் மட்டுமே அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஜீவகர் பிறந்தவுடன் ஒரு கூடையிலிட்டுக் குப்பைமேட்டில் எறியப்பட்டவர். காக்கைகள் சூழ்ந்ததைக் கண்ட அபயன் என்னும் அரசகுமாரன், உயிருடன் உள்ளதா என வினவ, உயிருடன் உளது என்றனர். அதுவே ஜீவகர் என்னும் பெயராயிற்று. தட்சசீலம் சென்று ஏழாண்டு மருத்துவம் பயின்றார். மருந்தாகாத செடி ஒன்றைத் தேடிக் கொணர்க என்று ஆசிரியர் விடுத்தபோது, ஒரு யோசனைச் சுற்றில் அத்தகைய செடி ஒன்றையும் காணேன் என்று வெறுங்கையுடன் மீண்டார். தேர்ச்சி பெற்றாய் என்றார் ஆசிரியர். குப்பைமேட்டுக் குழந்தை அரசனுக்கும் சங்கத்துக்கும் மருத்துவராயிற்று. தேவதத்தன் உருட்டிய பாறையின் சில்லு பட்டுப் பகவரின் பாதம் புண்பட்டபோது மருந்திட்டவரும் அவரே.

இத்தோப்பில் நிகழ்ந்த ஓர் உரையாடலை நம் மக்கள் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். முழுநிலா இரவில் அஜாதசத்துரு பகவரைக் காண வந்தான். தந்தையைக் கொன்று அரியணை ஏறியவன். 1250 பிக்குகள் அமர்ந்திருந்தும் ஒரு தும்மலோ இருமலோ கேளாமையால் அஞ்சி, பகைவரிடம் எம்மைக் காட்டிக் கொடுக்கின்றாயோ என்று ஜீவகரைக் கேட்டான். பின் பகவரை அணுகி, துறவு வாழ்க்கையால் இவ்வுலகிலேயே கண்கூடாய்க் கிடைக்கும் பயன் யாது என்று வினவினான். பகவர் எடுத்த முதல் எடுத்துக்காட்டு வீடுபேறன்று, தியானமுமன்று. அரசே, உன் அடிமை ஒருவன், உனக்கு முன் எழுந்து உனக்குப் பின் உறங்கி ஏவிய பணி செய்பவன், நீயும் மனிதன் தானும் மனிதன் என்று ஒருநாள் எண்ணித் துறவு பூணுகின்றான் என்க. அவனை மீண்டும் பிடித்து அடிமையாக்குவாயோ என்று கேட்டார். இல்லை, நாமே எழுந்து வணங்குவோம், இருக்கை தருவோம், வேண்டுவன அளிப்போம் என்றான் அரசன். அப்படியாயின் கண்கூடான பயன் உளதோ இலதோ என்றார் பகவர். உளது என ஒப்புக்கொள்வதன்றி அரசனுக்கு வேறு வழியில்லை. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் எழுந்து நின்று தீட்சை ஏற்றது எதற்கு என்று இன்றும் நம்மைக் கேட்போர் உளர். மதம் மாறினால் வயிறு நிறையுமா என்பர். இம்மாந்தோப்பின் கேள்வியை அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

கழுகுமலைக்குச் செல்லும் வழி பிம்பிசாரன் அமைத்த பாதை எனப்படும். இளவெயிலில் நடந்தே ஏறுக. பாதையோரம் இரண்டு சிறு தூபிகளின் அடையாளம் உண்டு. அரசன் தேரை விட்டு இறங்கிய இடத்தில் ஒன்றும், உடன்வந்த பொதுமக்களை நிறுத்தித் திருப்பி அனுப்பிய இடத்தில் மற்றொன்றும் கட்டப்பட்டன என்று யுவான் சுவாங் குறிக்கின்றார். தேரை விட்டிறங்கியது பணிவு. பொதுமக்களைத் திருப்பியனுப்பியதை என்னென்பது? அரசனின் பாதுகாப்புக்காக இருக்கலாம், மலையில் இடமின்மையால் இருக்கலாம். நாம் சென்ற நாளில் அவ்விரண்டாம் இடத்தில் சிறிது நின்றோம். எம்முடன் வந்த மூதாட்டியர் இருவர், ஒருவர் துப்புரவுப் பணியில் முதிர்ந்து ஓய்வு பெற்றவர், கைத்தடி ஊன்றி எம்மைக் கடந்து மேலே சென்று கொண்டிருந்தனர்.

துப்புரவுப் பணி என்றதும் சுனீதரைக் கூறாதிருத்தல் இயலாது. வாடிய பூக்களையும் குப்பையையும் வாரிச் சுமந்து பிழைத்த தாழ்த்தப்பட்ட குலத்தவர் அவர். மகதப் பெருநகர வீதியில் பிக்குகள் சூழப் பகவர் வருவதைக் கண்டு, தோளிலிருந்த காவடிக் கழியை இறக்கி வைத்து அருகிற் சென்றார். துறவு வேண்டினார். வருக பிக்குவே என்ற அவ்வொரு சொல்லே அவருக்குத் தீட்சையாயிற்று. சுனீதர் காவடியை இறக்கி வைத்த தெரு எது என்று காட்டுவார் எவரும் இலர். பிம்பிசாரன் சிறையிருந்த இடம் என்று ஒரு கற்சுவர்க் கட்டடத்தைக் காட்டுகின்றனர். அங்கிருந்து கழுகுமலை தெரியும் என்பதனால் அரசன் அவ்விடத்தையே வேண்டிப் பெற்றான் என்பது வழிவழிச் செய்தி. அதனையும் காணுங்கள். ஆனால் பழநகரின் நடுவில் புதர் மண்டிய அத்தரையில் எங்கு நின்றாலும், சுனீதர் கூட்டிய தெருவில் நிற்பதாகவே கொள்ளலாம்.

கழுகுமலையின் உச்சி சிறியது. கழுகின் அலகு போல் ஒரு பாறை, இரண்டு மூன்று இயற்கைக் குகைகள், செங்கற் கட்டடம் ஒன்றின் அடித்தளம், இவ்வளவே. ஜப்பானியரும் திபெத்தியரும் தாய்லாந்தினரும் முழந்தாளிட்டு வணங்குவர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹியான் புதுநகரில் பூவும் ஊதுவத்தியும் விளக்கும் வாங்கிக் கொண்டு இங்கு ஏறினார். பகவர் வாழ்ந்த காலத்தில் பிறவாமற் போனேனே என்று கண்ணீர் விட்டார். இரவு முழுவதும் மலைமேலேயே சூத்திரம் ஓதித் தங்கினார். இன்று மாலைக்குள் இறங்கிவிடுதல் வேண்டும். வஜ்ஜியரை வெல்ல விரும்பிய அஜாதசத்துரு தன் அமைச்சன் வஸ்ஸகாரனைப் பகவரிடம் அனுப்பியது இம்மலைக்கே. வஜ்ஜியர் அடிக்கடி கூடுவரோ, ஒற்றுமையாய்க் கூடி ஒற்றுமையாய்க் கலைவரோ என்று பகவர் ஆனந்தரைக் கேட்டு, அவ்வாறு செய்யும் வரை அவர்க்குத் தாழ்வில்லை என்றார். ஞாயிறுதோறும் கூட வேண்டிய நம் கிளைச் சங்கங்களின் வருகைப் பதிவேட்டை மலையுச்சியில் நினைத்துப் பார்த்தால் சிலர்க்கு நாணம் வரும்.

அருகில் இரத்தினகிரியின் மேல் உள்ள வெண்தூபி உலக அமைதித் தூபி. ஜப்பானியத் துறவி நிச்சிதத்சு பூஜியின் முயற்சியால் எழுந்து, 1969இல் குடியரசுத் தலைவர் வி. வி. கிரியால் திறக்கப்பட்டது. பிறப்பு, ஞானம், தம்ம உரை, பரிநிர்வாணம் என நான்கு பொன்னிறச் சிலைகள் நாற்புறமும் உள்ளன. முதியோர் ரோப்வேயில் ஏறி, பின் நடந்து கழுகுமலைக்கு இறங்கலாம். இளைஞர் நடப்பதே முறை.

மற்றவற்றைச் சுருக்கமாய்க் கூறுவோம். சோன்பண்டார்க் குகையில் அரசன் பொன் புதைத்தான் என்று வழிகாட்டி கூறுவார். அது சமண முனிவர்க்காக வைரதேவர் அமைத்த குகை என்று ஆங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. மணியார் மடம் நாகவழிபாட்டுச் செங்கற் கட்டடம். கோரா கட்டோரா ஏரியின் நடுவே 70 அடிப் புத்தர் சிலை 2018இல் நிறுவப்பட்டது. கண்ணாடிப் பாலமும் மிருகக் காட்சியும் பிள்ளைகட்கு மகிழ்வூட்டும், நேரமிருப்பின் செல்க. சிலாவ் ஊரின் காஜா என்னும் இனிப்பு வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தக்கது. அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். கோடையில் அப்பாறைகள் அடுப்பெனக் கொதிக்கும். குரங்குகளிடம் பையைக் காத்துக் கொள்க.

கயைக்குச் செல்லும் சாலையில் வண்டி ஏறினால், சன்னலோரத்தில் அமர்ந்து வயல்களைப் பாருங்கள். ஆலைத் தறியருகே முப்பதாண்டு நின்ற எமக்கு இராஜகிருகத்தில் மிகவும் உவப்பான காட்சி இதுவே. பகவர் இந்நகரிலிருந்து தட்சிணகிரிக்குச் சென்ற வழியில், நீண்ட வரப்பும் குறுக்கு வரப்புமாய்ப் பாத்தி கட்டிய மகத வயல்களை ஆனந்தருக்குக் காட்டி, பிக்குகளின் ஆடையை இவ்வமைப்பில் தைக்க இயலுமோ என்று கேட்டார். இயலும் என்று ஆனந்தர் தைத்துக் காட்டினார். அதற்கு முன்னர்ப் பிக்குகள் குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடைத்த கந்தலையே உடுத்தனர். ஜீவகர் தமக்கு அரசன் ஒருவன் பரிசாய் அனுப்பிய உயர்ந்த சீவேய்யகத் துணியைப் பகவரிடம் தந்து, இல்லறத்தார் தரும் ஆடையையும் ஏற்கலாம் என்னும் இசைவைப் பெற்றார். செய்தி பரவியதும் இராஜகிருக மக்கள் ஆயிரக்கணக்கான ஆடைகளைக் கொணர்ந்தனர். ஆனால் முழுத்துணியை அப்படியே போர்த்தும் வழக்கம் ஏற்படவில்லை. பாவும் ஊடையும் பிசகாமல் கரைகட்டி நெய்த துணியை வெட்டி, விலை கெடுத்து, வரப்புப் போல் மடித்துத் தைத்தே உடுத்தனர். வெட்டுண்ட துணியைக் கள்வனும் விரும்பான். நெடுந்தையலுக்குக் குசி என்றும், குறுந்தையலுக்கு அட்டகுசி என்றும் பெயர். அடுத்த முறை நம் விகாரைக்கு வரும் பிக்குவின் சீவரத்தை உற்று நோக்குங்கள். ஐந்து பத்தியும், அவற்றின் நடுவே குறுக்கு வரப்புகளும், ஓரத்தில் சுற்று வரப்பும் தெரியும்.

நாளந்தாவைப் பற்றி அடுத்த பாடத்தில் எழுதுவோம்.